காசிரங்காவில் வெள்ளம் ஏறும்போது

பிரம்மபுத்திரா வெள்ளம் அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவுக்கு எதிரி இல்லை. ஏரிகளில் மண்டிய ஆகாயத்தாமரையை அடித்துக்கொண்டு போய், வண்டல் போட்டு, புல்லைப் புதுப்பிப்பதே அதுதான். 2022 கணக்கெடுப்பில் கிடைத்த 2613 காண்டாமிருகங்களும் அந்தப் புல்லை நம்பித்தான் வாழ்கின்றன.

ஆபத்து, தெற்கு எல்லையை ஒட்டிய நெடுஞ்சாலையில். நீர் ஏறினால் விலங்குகள் அதைக் கடந்துதான் கார்பி ஆங்லாங் மேட்டுக்குப் போக முடியும். அதிகம் அடிபடுவது பாவம், பன்றிமான். மற்ற மான் போலத் துள்ளாது. தலையைத் தாழ்த்திப் புல்லுக்குள்ளிருந்து ஓடிவரும். டிரைவர் கண்ணில் படும்போது பம்பருக்குப் பக்கத்தில் இருக்கும்.

அதனால்தான் வெள்ளக் காலத்தில் வண்டிகளுக்கு நேர அட்டை தருகிறார்கள். நுழையும்போது நேரம் குறிப்பார்கள், வெளியேறும்போது சரிபார்ப்பார்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டிச் சீக்கிரமே வந்து சேர்ந்தால் அபராதம். தயவுசெய்து மெதுவாகப் போங்கள். இரவில் ஹெட்லைட்டை டிம் செய்யுங்கள், ஹாரன் வேண்டாம்.