செவலை உயிரோடு இருக்கிறதா

நவம்பர் 22
காலை 6.10. கோழிக்கடை முக்கு. இப்போது எழுத வராது. கை விண்விண் என்று தெறிக்கிறது.

நவம்பர் 23
தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

செவலை, எங்கள் தெருநாய், குரைக்கவே இல்லை. குரைத்திருந்தால் அப்படியே திரும்பியிருப்பேன். ரொம்ப நாளாக நிற்கும் அந்த வேனுக்கு அடியிலிருந்து வந்து, நேராக எங்கள் வீட்டு நாய் பூந்தியின் தொடையைக் கவ்வியது. செய்யக்கூடாதது என்று சொல்லும் எல்லாவற்றையும் நான் வரிசையாகச் செய்தேன். சங்கிலியைப் பிடித்து மேலே இழுத்தேன், தூக்கப் பார்த்தேன், கடைசியில் இரண்டு வாய்க்கும் நடுவில் கையை விட்டேன். கோழிக்கடைப் பையன் ஒரு பக்கெட் தண்ணீரை அடித்த பிறகுதான் விட்டது. ‘ஒரு குடை இருந்திருந்தால் விரித்து நடுவில் நீட்டியிருக்கலாமே சார்’ என்றார் கால்நடை டாக்டர். குடை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே பார்த்தால் நாலு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். முடியை மழித்த பிறகுதான் தெரிந்தது. கவ்வி உலுக்கியதில் உள்ளே தோல் தசையை விட்டுப் பிரிந்து பை மாதிரி ஆகிவிட்டது. முழுதாகத் தைத்து மூடவில்லை. சீழ் கட்டினால் வெளியேற வழி வேண்டுமாம். ஒரு ரப்பர் குழாய்த் துண்டு வைத்திருக்கிறார். ஜூலையில் போட்ட ரேபிஸ் தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். இருந்தாலும் நேற்றே ஒன்று போட்டார், 25ஆம் தேதி இன்னொன்று.

எனக்கும் ரேபிஸ் ஊசி: கடிபட்ட நாள் 0 என்றால் 0, 3, 7, 28ஆம் நாட்களில். புறங்கையில் இருப்பது யார் பல்? செவலையா, பூந்தியா? ரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றியே சீரம் ஊசி. பல்லைக் கடித்துக்கொண்டேன். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மகள் பாப்பாவிடம் சொல்லவில்லை. டிசம்பர் 12ஆம் தேதி வரை அவளுக்குப் பரீட்சை.

நவம்பர் 24
வீடியோ காலில் பூந்தியைக் கேட்டாள். காயத்தை நக்காமலிருக்க மாட்டிய கழுத்துக் கூம்பைக் கழற்றி, காயமில்லாத இடப்பக்கம் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக் காட்டினாள் என் மனைவி. நான் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டேன். ‘ஏன் ரெண்டு பேரும் ஒரு மாதிரி இருக்கீங்க?’

நவம்பர் 25
இரண்டு பேருக்கும் ஊசி. ‘பத்து நாள் அந்த நாயைக் கண்ணில் வைத்திருங்கள். நன்றாக இருந்தால் கடித்தபோது ரேபிஸ் இல்லை என்று அர்த்தம்’ என்றார் டாக்டர். அதாவது டிசம்பர் 2. அதுவரை தினமும் நான் அதைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்று பார்த்தேன். உயிரோடுதான் இருக்கிறது. யாரிடமோ வாலாட்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தது. பற்றிக்கொண்டு வந்தது.

நவம்பர் 26
மழை. பூந்தி வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். மொட்டைமாடியில் போய்விட்டு வந்தாள். செவலை: உண்டு.

நவம்பர் 27
நங்கநல்லூரில் இத்தனை ஆலோசகர்கள் இருப்பது இதுவரை தெரியாது. மிளகாய்ப்பொடி என்கிறார் ஒருவர். கம்பு என்கிறார் இன்னொருவர். எதிர்வீட்டுக்காரர், ‘குனிஞ்சு கல்லெடுக்கிற மாதிரி பாவ்லா காட்டுங்க, ஓடிடும்’ என்றார். உண்மைதான், எத்தனையோ தடவை ஓடியிருக்கிறது. அதற்குக் கை காலியாக இருக்க வேண்டும்.

மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கு அடித்தேன். புகார் எண் கொடுத்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் மாமியிடம் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: ‘கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, இதே முக்குலதான் கொண்டுவந்து விடுவா. 2023 ரூல் அது. பண்ணட்டும், நல்லதுதான். ஆனா இப்ப அவளைப் பிடிக்க விடமாட்டேன்.’ ஏன் என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

நவம்பர் 28
செவலையைக் காணோம்.

நவம்பர் 29
மூன்றாவது ஊசி. காணோம். கோழிக்கடை, பால் பூத், கோயில் பின்பக்கம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கேயாவது எச்சில் ஒழுக விழுந்து கிடக்கிறதோ? ‘உங்களுக்குத்தான் ஊசி போட்டாச்சே’ என்கிறாள் இவள். பூந்தி தண்ணீர் குடிக்கிறாளா என்று ராத்திரி மூன்று தடவை எழுந்து பார்த்தேன். குடிக்கிறாள். கூம்பு கிண்ணத்தில் இடித்து டொக் டொக் என்கிறது.

நவம்பர் 30
இருக்கிறாள்!

மாமிதான் கூட்டிப்போய்க் காட்டினார். அதே வேனுக்கு அடியில், மழைத் தண்ணீர் வராத மூலையில். நாலு குட்டிகள், இன்னும் சரியாகக் கண் திறக்கவில்லை. காது இரண்டும் முழுசு, கருத்தடை செய்ததற்கு அடையாளமாகப் போடும் வெட்டு எதிலும் இல்லை. இதை முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டும். மடி தொங்கும் நாயிடமிருந்து பத்தடி தள்ளி என் நாயை நடத்திப் போயிருக்கிறேன். மாமி சோறு வைத்தார். செவலை தின்றுகொண்டே என்னைப் பார்த்து உறுமினாள். எனக்கு அந்த உறுமல் போதும். நல்ல திடமான உறுமல்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அன்று என் இன்னொரு கையில் போன் இருந்தது. ஏதோ குட்மார்னிங் படம்.

டிசம்பர் 2
பத்து நாள். இருக்கிறாள். மாமிக்கு அரை கிலோ கோழிக்கால் வாங்கிக் கொடுத்தேன், அவர் தொடமாட்டார் என்பது வாங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நானே வேகவைத்துக் கொண்டுபோய்ச் செவலைக்குக் கொடுத்தேன்.

நாலாவது ஊசி தேவைப்படாமலும் போகலாமாம். 20ஆம் தேதி போய்ப் போட்டுக்கொள்வேன்.

டிசம்பர் 5
புது வழி: இடப்பக்கம் திரும்பி பூங்காத் தெரு, நாலு பெரிய கேட், முட்டுச்சந்து இல்லை. சங்கிலியைத் தளர விட வேண்டும். நான் இறுக்கினால் பூந்திக்குத் தெரிந்துவிடுகிறது. வெயிலிலும் குடையோடு போகிறேன். இன்று மூன்றாவது வீடு வரை வந்தாள். அங்கே உட்கார்ந்துவிட்டாள், நானும் நின்றேன்.

டிசம்பர் 8
ஏழாவது வீடு. தொடையில் முடி முளைக்கிறது, முள்ளு முள்ளாக.

டிசம்பர் 11
நாளை கடைசிப் பேப்பர், ராத்திரி பஸ். ‘வந்ததும் பூந்தியை நான்தான் வாக்கிங் கூட்டிப்போவேன், நீங்க தூங்குங்கப்பா’ என்றாள். சொல்லியாக வேண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது? போனிலிருந்தா?

மாமி மெசேஜ். வேனை எடுத்துப்போக வண்டி வந்து நிற்கிறதாம், செவலை யாரையும் கிட்டே விடவில்லையாம். குடையை எடுத்துக்கொண்டு போகிறேன்.