"சோதினை முடியட்டும் மிஸ்"

"சோதினை முடியட்டும் மிஸ், அதுக்குப் பிறகு ஒட்டுவம்."

மகளின் கண்ணைக் காட்ட என்னிடம் வந்த தாய், நல்ல கண்ணை மறைத்துப் பிளாஸ்டர் ஒட்டச் சொன்னபோது கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதில்தான் இன்னும் மனதை அறுக்கிறது. "சோதினை போனால் போகட்டும் அம்மா. கண் போனால் திரும்பி வராது."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "புலமைப்பரிசிலும் ஒரு தரம்தானே மிஸ்," என்றார்.

மகளுக்கு ஒன்பதரை வயது, ஐந்தாம் ஆண்டு. வலது கண் பார்வை 6/6, அது இயல்பு. இடது 6/24, மற்றவர்கள் 24 மீற்றரில் வாசிப்பதை அந்தக் கண் 6 மீற்றரில்தான் வாசிக்கும். மாறுகண்ணாக இருந்திருந்தால் வீட்டில் யாராவது எப்போதோ கண்டிருப்பார்கள். இவளுக்குக் கண் நேராகவே இருந்தது. இடது பக்கம் பவர் மட்டும் மிகக் கூட. மூளை தெளிவான கண்ணையே நம்பி மற்றதைக் கைவிட்டுவிட்டது. சோம்பல் கண் என்பது இதைத்தான். வலது கண்ணை மறைத்ததும் தலையைச் சரித்து, மறைப்பின் ஓரத்தால் எட்டிப் பார்த்தாள். கள்ளம் இல்லை, அவளுக்குப் பார்வை என்றால் அந்தக் கண்தான்.

கண்ணாடிக்குத் துண்டு எழுதி, இடது கண் வேலை செய்யப் பழகட்டும் என்று தினமும் இரண்டு மணித்தியாலம் வலது கண்ணில் பிளாஸ்டர் ஒட்டச் சொன்னேன். சோதினைக்கு நான்கு மாதம். வெள்ளவத்தையில் ரியூஷன் முடிந்து பிள்ளை வீடு சேரவே ஏழு மணியாகும் என்றார் தாய். மிச்ச நேரத்தில் வினாத்தாளை மங்கலான கண்ணால் வாசிக்கச் சொல்கிறேன். அவர் பயந்ததில் என்ன பிழை?

ஆனால் என் பயத்திலும் பிழையில்லை. "பிறகு வாறம்" என்று போய் வராமலே விட்ட எத்தனை பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். வயது ஏற ஏற அந்தக் கண்ணைப் பழக்குவது கடினம். அழுத்திச் சொல்லாவிட்டால் யார் கேட்பார்கள்?

சரி, அழுத்திச் சொல்லலாம். உண்மையில்லாததைச் சொல்லலாமா? 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சோம்பல் கண் உள்ள ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியோடு பிளாஸ்டரும் சொட்டு மருந்தும் கொடுத்தபோது 53 வீதமானோருக்குப் பார்வை எழுத்து அட்டையில் இரண்டு வரிகளாவது கூடியது. கண்ணாடி மட்டும் போட்டவர்களிலும் 25 வீதமானோருக்குக் கூடியது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "வராது" என்றேன்.

இன்னொன்று இதைவிட உறுத்துகிறது. முதலில் கண்ணாடியை மட்டும் போடவிட்டு, பதினாறு பதினெட்டுக் கிழமை பார்த்த பிறகு பிளாஸ்டரைத் தொடங்குவதும் ஏற்கப்பட்ட முறைதான். அந்தத் தாய் கேட்ட நான்கு மாதமும் அதுதான். "இப்போதைக்குக் கண்ணாடியை மட்டும் கழற்றாமல் போடட்டும், சோதினை முடிந்த அடுத்த கிழமை வாங்கோ," என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? அப்படிச் சொல்லியிருந்தாலும் வராமல் விட்டிருப்பார்களோ என்றும் தோன்றுகிறது.

கதவடியில் பிள்ளை திரும்பிக் கேட்டாள்: "மிஸ், எனக்கு இந்தக் கண் தெரியாமப் போயிடுமா?"

"இல்லையம்மா, கண்ணாடி போட்டால் நல்லா வரும்," என்றேன். தாய் என்னைப் பார்த்த பார்வை மறக்கவில்லை. ஒரே அறையில், ஐந்து நிமிடத்துக்குள், இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தேன்.

சோதினை முடிந்து ஆறு கிழமையாகிறது. அவர்கள் வரவில்லை. அந்தக் கண்ணாடியையாவது வாங்கினார்களா என்று தெரியாது.