தந்தை அமர்ந்த இடத்தில் மகன்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான லெட் செப்பெலின் குழுவினர் 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் மீண்டும் ஒன்றுகூடி நடத்திய இசை நிகழ்ச்சியின் திரைப்பதிவான ‘செலிப்ரேஷன் டே’யை நேற்றிரவு மறுபடியும் முழுமையாகப் பார்த்தேன். அட்லாண்டிக் ரெகார்ட்ஸ் என்ற இசைப்பதிவு நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான அஹ்மத் எர்டெகுனின் நினைவாக நடந்த அந்த நிகழ்ச்சி, கிதார் கலைஞர் ஜிம்மி பேஜின் விரல் எலும்பு முறிந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போனது. படமோ 2012இல்தான் வெளிவந்தது.

1980இல் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் மறைந்ததும், அவரில்லாமல் தொடர இயலாது என்று குழுவையே கலைத்தவர்கள் இவர்கள். அவர் அமர்ந்த இடத்தில் இங்கே அவருடைய மகன் ஜேசன் அமர்ந்திருக்கிறார். அத்தனை பெரிய மேடையிலும் மற்ற மூவரும் அவரை ஒட்டியே நின்று, ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் முகத்தைப் பார்த்து வாசிக்கும் காட்சிகளில் என் கண்கள் கலங்கிவிட்டன.

அப்போது 59 வயதான பாடகர் ராபர்ட் பிளான்ட் இளமைக்கால உச்சஸ்தாயியை வலிந்து எட்ட முயலாமல், சுருதி இறக்கிய பாடல்களை நிதானமாகப் பாடுவதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதுவே இந்தப் பதிவின் அழகாகத் தோன்றுகிறது. வயலின் வில்லை கிதார் தந்திகளின் மீது இழுத்துவிட்டு, எழும் அதிர்வு அடங்கும்வரை பேஜ் அசையாமல் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளுக்காக மட்டும் படத்தை மூன்று முறை பின்னோக்கி ஓட்டினேன். ஜான் பால் ஜோன்ஸ் பேஸ் கிதாரிலிருந்து கீபோர்டுக்கு மாறுவதோ, ஆரவாரம் ஏதுமின்றி நடந்துவிடுகிறது.