ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும் பல கையெழுத்துகளும்

ராணுவ வாகனப் பணிமனைக்கு 3டி பிரிண்டர் வாங்கிக் கொடுத்துவிட்டால் உதிரி பாகத் தட்டுப்பாடு தீர்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். மெஷினை ஓட்டப் பழகுவது பெரிய விஷயமில்லை. அதில் செய்த ஒரு பாகத்தை வண்டியில் மாட்ட அனுமதி வாங்குவதுதான் வேலை. எங்கள் முதல் பாகம் அந்த வழியாக எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

தொடக்கத்திலேயே ஓர் அதிகாரி, 2016 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை ஆஸ்ப்ரே விமானத்தை 3டி பிரிண்டிங்கில் செய்த டைட்டானியம் பாகத்தோடு பறக்கவிட்டதைச் சொல்லி, நாமும் உலோகத்திலேயே தொடங்கலாமே என்றார். அது எஞ்சின் கூட்டைப் பிடித்திருக்கும் பாகம். உலோகப் பவுடரின் தரம், உள்ளே ஒளிந்திருக்கும் நுண்துளைகள், திரும்பத் திரும்பச் சுமை ஏற்றிப் பார்க்கும் ஃபெட்டீக் சோதனை என்று அதற்குப் பின்னால் இருக்கிற உழைப்பு நம் பணிமனைக்குக் கட்டுப்படியாகாது. நான் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, கிடைக்காத பாகங்களின் பட்டியலை வடிகட்டினேன்: இது உடைந்தால் என்ன ஆகும்?

கடைசியில் நின்றது, பழைய டிரக் ஒன்றின் கேபினுக்குள் வயர் கட்டைப் பிடித்திருக்கும் கிளிப். தயாரிப்பாளர் நிறுத்திவிட்டார், ஸ்டோரிலும் இல்லை. மெக்கானிக்குகள் கேபிள் டை போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். இதற்குக்கூட ஒப்புதல் பொறியாளர் சும்மா விடவில்லை. "கிளிப் உடைந்து, வயர் தகட்டின் விளிம்பில் உரசி ஷார்ட் ஆனால்?" நியாயமான கேள்விதான். பக்கத்துக் கிளிப்புகள் இரண்டும் தாங்கிக்கொள்ளும், ஒன்று போனாலும் வயர் விளிம்பை எட்டாது என்பதை வண்டியிலேயே காட்டிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

அளவெடுப்பதில் ஒரு விஷயம். பழைய கிளிப்பை ஸ்கேன் செய்தால் இத்தனை வருட வெப்பத்தில் அது வளைந்த வளைவும் சேர்ந்தே வரும். அதனால் தகட்டில் இருக்கும் துளையையும் வயர் கட்டின் விட்டத்தையும் அளந்து புதிதாக வரைந்தோம். நாமே வரைந்துவிட்டதால் மட்டும் வடிவமைப்பு உரிமை நமதாகிவிடாது. ஒப்பந்தப் பிரிவிலிருந்து அதற்கான கடிதம் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முழுப் பயணத்திலும் அதிகக் காலத்தைத் தின்றது அதுதான்.

பொருளுக்கு வருவோம். 3டி பிரிண்டரில் சாதாரணமாகப் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகிவிடும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்கு அது ஆகாது. ஆட்கள் உட்காரும் கேபின் என்பதால் தீ பரவலைத் தடுக்கும் வகை நைலானை எடுத்தோம். நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உலர்த்தாமல் போட்டால் குமிழி விடும், பலமும் குறையும். எனவே உலர்த்திய விவரமும் பதிவேட்டில் ஏறியது.

எல்லாவற்றையும்விடக் கண் திறந்தது, பிரிண்ட் போடும்போது கிளிப்பை வைக்கும் திசை. பிரிண்டர் பாகத்தை அடுக்கடுக்காகத்தான் கட்டும். நிற்க வைத்துப் போட்ட சோதனைக் கிளிப்பின் கால், அடுக்குகள் சேரும் இடத்தில் விரலால் அழுத்தியதுமே ஒடிந்தது. அதையே படுக்க வைத்துப் போட்டால் வளைந்து திரும்பியது. ஃபைலும் பொருளும் ஒன்றுதான், ஆனால் கையில் வருவது இரண்டு வேறு பாகங்கள்! ஆகவே பாகத்தின் வடிவத்தை மட்டும் சொல்லும் எஸ்.டி.எல். ஃபைலை மட்டும் வைத்து எதற்கும் ஒப்புதல் தராதீர்கள். அதில் மில்லிமீட்டரா அங்குலமா என்கிற அலகுகூட இருக்காது. எங்கள் ஒப்புதல் தாளில் திசை, அடுக்கின் உயரம், மெஷின் அமைப்புகள் எல்லாமே உண்டு. ஒவ்வொரு முறையும் கிளிப்போடு சேர்த்து ஒரு சோதனைத் துண்டும் போட்டு உடைத்துப் பார்க்கிறோம்.

அப்புறம் சில வண்டிகளில் மட்டும் மாட்டி, ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கும் அனுமதி கிடைத்தது.

இந்தக் காத்திருப்பு நேரத்தில் பிரிண்டர் சும்மா இருக்கவில்லை. டிரில் செய்ய வழிகாட்டும் ஜிக், பெயின்ட் அடிக்கும்போது மறைக்கும் மூடி, கழற்றிய ஹைட்ராலிக் குழாய்க்குத் தற்காலிக அடைப்பு என்று போட்டுத் தள்ளினோம். இவை வண்டியோடு போவதில்லை; பணிமனை அளவிலேயே அனுமதி போதும். அடைப்புகளை மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் போடுங்கள், உள்ளேயே மறந்துவிடக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

இப்போது வரிசையில் இருப்பது பேட்டரிப் பெட்டியின் மூடி. ஆசிட் படும் இடம், அதனால் நைலான் சரிவராது. ஆசிட்டைத் தாங்கும் பாலிபுரொப்பிலின் பிளாஸ்டிக்கோ குளிரும்போது சுருங்கி, ஓரம் பிரிண்டரின் தட்டிலிருந்து எழும்பிக்கொள்கிறது. அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.