ஜனவரி மாதத்துக் கவுன்ட்டர்

டெக்சஸில் ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு ஜனவரி நெருங்கினாலே வயிற்றில் ஒரு கலக்கம். புத்தாண்டு பிறந்ததும் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்களில் டிடக்டிபிள் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். குறிப்பிட்ட தொகைவரை கைக்காசைச் செலவழித்த பிறகுதான் காப்பீடு கைகொடுக்கும். அந்தத் தொகை பலருக்கு ஆயிரக்கணக்கான டாலர். டிசம்பரில் 40 டாலருக்கு வாங்கிப்போன ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைக்கு, ஜனவரி முதல் வாரத்தில் திரை 500 டாலருக்கு மேல் காட்டும். அதே மாத்திரை, அதே டப்பா. அந்த எண்ணை வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்.

ஊரில் பி.ஃபார்ம் முடித்துவிட்டு மருந்துக்கடையில் நின்ற காலத்தில், அட்டையின் பின்பக்கம் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கும். வருகிறவர் யாராக இருந்தாலும் அதற்கு மேல் வாங்க முடியாது. இங்கே டப்பாவில் விலையே கிடையாது. மருந்துச் சீட்டைக் கணினியில் ஏற்றி, காப்பீட்டுக்காரர்களுக்காக மருந்துக் கணக்குப் பார்க்கும் இடைத்தரகு நிறுவனத்துக்கு அனுப்புவோம். சில நொடிகளில் பதில் வரும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பேருக்கு ஒரே மருந்து 10 டாலராகவும் 300 டாலராகவும் வருவதை அடிக்கடி பார்க்கிறேன். நாடு முழுவதும் எழுதப்படும் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இப்படிப்பட்ட மூன்றே இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகத்தான் போகின்றன என்று, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-ல் சொன்னது.

இன்னொன்றும் இருந்தது. காப்பீடு வழியாக வாங்கினால் 25 டாலர், காப்பீட்டைக் காட்டாமல் ரொக்கமாக வாங்கினால் 12 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்காதவரை அதை நாங்களாகச் சொல்லக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் வாய்ப்பூட்டு போட்டிருந்தார்கள். 2018 அக்டோபரில் வந்த இரண்டு சட்டங்கள் அதை உடைத்தன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இரண்டு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றி, டிரம்ப் கையெழுத்துப் போட்ட சட்டங்கள். அதன்பிறகு கேட்பவர், கேட்காதவர் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜனவரியில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் வந்தார். ரத்த அழுத்தம், கொழுப்பு, ரத்த உறைவு, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் என்று நான்கு பைகள். மொத்தத் தொகையைச் சொன்னதும் கைப்பையை மூடிவிட்டு, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, "இதுல எது இல்லாம சமாளிக்கலாம், டார்லிங்?" என்று கேட்டார். எதையும் விட முடியாது என்பதுதான் மருத்துவ ரீதியான பதில். மருந்துக் கம்பெனி தரும் தள்ளுபடி கூப்பன் நல்ல சம்பளத்தில் இருக்கும் இளைஞருக்குச் செல்லும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இருக்கும் இவருக்கு, சட்டப்படி செல்லாது. முதல் இரண்டும் ஜெனரிக், சில டாலர்கள்தான் என்று எடுத்துக் காட்டினேன். இன்ஹேலருக்கு மலிவான மாற்று கேட்டு டாக்டர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மூன்று பைகளை எடுத்துக்கொண்டு, "உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றார். இன்ஹேலர் பையை யாரும் வாங்க வராததால், சில நாள் கழித்து லேபிளைக் கிழித்து அலமாரியில் திருப்பி வைத்தேன்.

இந்த வேலையில் என்னால் தாங்க முடியாதது அந்த மன்னிப்புதான். நோய் வந்ததும் காசு போதாததும் தங்கள் குற்றம் என்று நம்பி, வெள்ளை கோட்டு போட்ட என்னிடம் வந்து தலைகுனிகிறார்கள்.

இங்கே பலருக்குக் காப்பீடு வேலை கொடுக்கும் கம்பெனி வழியாகத்தான். அது வேலையோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். 1942-ல் அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீடு கொடுத்தார்கள். 1954 வரிச்சட்டம் அதற்கு வரிவிலக்கை உறுதிசெய்தது. எண்பது வருடம் கழித்து அதன் விளைவு என் கவுன்ட்டருக்கு வருகிறது. பக்கத்தில் ஏதாவது கம்பெனி ஆள்குறைப்பு செய்தால், மாதக் கடைசியில் குடும்பம் குடும்பமாக வந்து எல்லா மருந்தையும் இப்போதே கொடுங்கள் என்பார்கள். 'ரீஃபில் டூ சூன்', அதாவது மறுபடி வாங்க இன்னும் நாளாகவில்லை என்று திரை நிராகரிக்கும். பழைய காப்பீட்டைத் தொடர கோப்ரா சட்டம் இருக்கிறது. ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து, 102 சதவீதம் வரை வேலை போனவரே கட்ட வேண்டும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை டெக்சஸ் விரிவாக்கவில்லை. பிள்ளை இல்லாத, உடல் ஊனமில்லாத 65 வயதுக்குட்பட்டவர் எவ்வளவு ஏழையானாலும் பொதுவாக அதில் இடமில்லை. நாட்டிலேயே காப்பீடு இல்லாதவர் விகிதம் இங்கேதான் அதிகம்.

26 வயது தொடும் பிள்ளைகளின் தாய்மார்களையும் எனக்குத் தெரியும். அந்த வயதோடு பெற்றோரின் காப்பீட்டில் இடம் போய்விடும். டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளை என்றால், பிறந்தநாளுக்குப் பல மாதம் முன்பே இன்சுலின் சேர்த்துவைக்க வழி கேட்டு வருவார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். 1996-ல் 21 டாலருக்கு வந்த ஹியுமலாக் என்ற இன்சுலின் குப்பி, பிறகு 275 டாலர்வரை போனது. 2023-லும் 2024 தொடக்கத்திலும் கம்பெனிகள் பட்டியல் விலையை வெகுவாகக் குறைத்தன. அன்று கவுன்ட்டரில் நான் கண்ட நிம்மதியை மறக்க மாட்டேன். ஆனால் அது அவர்களாகக் குறைத்தது. நாளை ஏற்ற நினைத்தால்?

மெடிகேர் முதியவர்களுக்கு 2022 சட்டம் மாத இன்சுலினுக்கு 35 டாலர் என்று வரம்பு கட்டியது. 2025-ல், அவர்களின் மருந்துத் திட்டத்தில் வரும் மருந்துகளுக்குக் கைக்காசாகப் போகும் மொத்தச் செலவுக்கே வருடத்துக்கு 2,000 டாலரில் தொடங்கிய ஒரு வரம்பும் வந்து, அதைத் தவணையில் கட்டும் வசதியும் வந்தது. ஜனவரியில் நானாக எல்லோரிடமும் அதைச் சொல்கிறேன். பாதிப் பேருக்குத் தெரிந்திருப்பதில்லை. தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த 35 டாலரை நீட்டிக்க 2022 ஆகஸ்டில் செனட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. 60 தேவை, 57 விழுந்தது, மூன்று குறைந்தது. ஏழு குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள். எங்கள் மாநிலத்து செனட்டர்கள் இருவரும் ஆதரிக்கவில்லை. டெக்சஸ் தானே ஒரு வரம்பு கொண்டுவந்தது உண்மைதான், ஆனால் பெரிய கம்பெனிகள் சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டங்களை மாநிலச் சட்டம் தொடாது. என்னிடம் வருபவர்களில் எத்தனையோ பேர் அப்படிப்பட்ட திட்டத்தில்தான் இருக்கிறார்கள். யாருக்கு ஓட்டுப் போட்டவரானாலும் ரசீதைப் பார்த்ததும் ஒரே கோபம்தான் வருகிறது.

அந்தக் கோபத்தை என்னிடம் கொட்டுபவர்களுக்கு இப்போது செனட்டர்கள் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுக்கிறேன். நானும் கூப்பிடுகிறேன். மறுமுனையில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள்தான் எடுக்கிறார்கள். பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்கிறார்கள். அந்த மூன்று ஓட்டைத்தான் கேட்கிறேன்.