கூம்புச் சர்க்கரை

ஜனவரி 6, ஃபெஸ், மொராக்கோ
கீழ்வீட்டு லல்லாவை ரபாத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். சாவி என்னிடம்.

ஜனவரி 7
டீ நானே போட்டேன். இரண்டு வருடமாக லல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கைக்கு மட்டும் ஒன்றும் ஏறவில்லை. சின்னச் சின்ன உருண்டையாகச் சுருண்ட சீனப் பச்சைத் தேயிலை, அதில் கொதிநீர் கொஞ்சம் விட்டு, ஒரு நிமிடத்தில் வடித்துத் தனியாக வைக்க வேண்டும், அது ‘ரூஹ்’, தேயிலையின் உயிர் என்பார். அடுத்த தண்ணீரைக் குலுக்கிக் கீழே ஊற்ற வேண்டும், கசப்பு அதோடு போய்விடும். நான் மாற்றிச் செய்துவிட்டேன். உயிரைச் சிங்க்கில் கொட்டிவிட்டுக் கசப்பைப் பத்திரப்படுத்தினேன்.

ஜனவரி 8
ஃபோன் வரவில்லை.

ஜனவரி 10
சர்க்கரை தீர்ந்துவிட்டது. 2 கிலோ கூம்பு, ஊதாத் தாள் சுற்றியது, அதுதான் வேண்டும் என்றேன். கடைக்காரர் உடனே எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார். நிச்சயதார்த்தத்துக்கும் இதைத்தான் கொண்டுபோவார்கள், இழவு வீட்டுக்கும் இதைத்தான். “வீட்டுக்குத்தான், டீ போட” என்று அவசரமாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து சுத்தியலால் உடைத்தபோது ஒரு துண்டு தெறித்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. எறும்பு வரும். வரட்டும்.

ஜனவரி 11
தூக்கம் இல்லை. கிரிமியப் போர் சமயத்தில், 1850களில், வேறு பக்கம் விற்காத தேயிலையை ஆங்கிலேய வியாபாரிகள் இந்த ஊர்த் துறைமுகங்களான தாஞ்சியரிலும் மொகதோரிலும் கொண்டுவந்து இறக்கினார்களாம். இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குப் படித்து என்ன ஆகப்போகிறது?

ஜனவரி 12
லல்லாவுக்கு ‘சுக்கர்’. நம் ஊர் மாதிரியே இங்கேயும் நோய்க்கும் பண்டத்துக்கும் ஒரே பேர்தான். காலில் புண் ஆறவே இல்லை, டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, ஆனாலும் பாத்திரத்தில் விழும் கட்டி ஒன்றுகூடக் குறைந்ததில்லை, ஏனென்றால் விருந்தாளிக்கு இனிப்பில்லாத டீயை எப்படி நீட்டுவது, தனக்கு மட்டும் தனியாகப் போட்டுக்கொண்டால் அது என்ன உபசாரம் என்பார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்த விருந்தாளி நான்தான். மூன்று கிளாஸ். ஒரு நாளாவது வேண்டாம் என்று சொன்னேனா?

ஜனவரி 14
மொட்டைமாடியில் அவருடைய புதினா பனியில் கருகிவிட்டது, நான்தான் மூடி வைத்திருக்க வேண்டும். சந்தையில் ஷீபா என்ற மூலிகை வாங்கினேன். சாம்பல் பச்சை, பயங்கரக் கசப்பு, குளிர்காலத்துக்கு இதைத்தான் போடுவார்கள். ஒரு காம்பு போதும் என்று தெரியாமல் நாலைந்து போட்டேன்.

ஜனவரி 15
நுரை வந்தது! கையை நன்றாகத் தூக்கி, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினேன். பாதி தட்டில், கொஞ்சம் என் சட்டையில், ஆனால் கிளாஸில் நுரை. காட்ட ஆள் இல்லை.

ஜனவரி 16
லல்லாவின் மகன் பேசினார். ஒரு விரல்தான் எடுத்தார்களாம், கால் கட்டைவிரல் ‘மட்டும்’.

ஜனவரி 18
நாளை வருகிறார். சர்க்கரையே போடாமல் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மறுபடியும் போடுகிறேன், இந்தத் தடவை ரூஹை மறக்காமல்