முருகன் படத்திலிருந்து வரும் குரல்

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது தரைவீடு. ஹாலின் முன்சுவரில் சாமி மேடை, அதற்கு மேலே பத்துமலை முருகன் படம். மேடையை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆகவே பாட்டுக் கேட்க நான் வாங்கிய ஸ்பீக்கர்கள் மேடைக்கு இடமும் வலமுமாகத்தான் நின்றாக வேண்டும்.

அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையில் 450 ரிங்கிட்டுக்குப் பிடித்த பழைய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி அது. (பெயரில்தான் புக்ஷெல்ஃப். காற்றுத் துளை முதுகில் இருப்பதை அலமாரிக்குள் திணித்தால் மூச்சு முட்டும்.) ஒயர் மட்டும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ஜாலான் பாசாரில். இடம் மிச்சமாகட்டும் என்று முதல் நாள் ஆளுக்கொரு மூலையில் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, எதிர்ச்சுவர் சோபாவில் போய் உட்கார்ந்தேன். தபேலாவைக் காணோம். பக்கத்து வீட்டுக் கதவை யாரோ இடிக்கிற சத்தம்தான் கேட்டது.

தப்பு என்னுடையது. மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடித்தொனியை ஊதிப் பெருக்கிவிடும். எங்கள் ஹால் 4.3 மீட்டர் நீளம். 40 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 40 அதிர்வு) பக்கத்தில் ஓசை இரு சுவருக்கும் நடுவே நின்று அலையடிக்கும். அந்த அலை நடு ஹாலில் வற்றிப்போய் சுவரோரங்களில்தான் திரளும். நானோ தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கேட்கிறேன்.

வெளியே இழுத்து வைத்த பிறகும் ஒரு வாரம் புதுப் புதுப் பதிவுகளாகப் போட்டுச் சோதித்தேன். ஜிகினா ஜாஸ்தி; எது சரி, எது பிசகு என்று ஒன்றும் பிடிபடவில்லை. அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், அவருக்கு 60களோடு பாட்டு முடிந்துவிட்டது. அவருக்காக ஒரு பழைய பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்னய்யா, பாடுறவரு ஒரு இடத்துல நிக்காம வீடு பூரா சுத்துறாரு?" என்றார்.

அங்கேதான் பிடி கிடைத்தது. அந்தக் காலத்துத் தமிழ்ப் படப் பாட்டு பெரும்பாலும் மோனோ. இரண்டு ஸ்பீக்கருக்கும் போவது ஒரே ஓசை. அது நட்டநடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும், நிற்காவிட்டால் குற்றம் நம் வைப்பில். பின்னால் போய்ப் பார்த்தால், வெளியே இழுத்து வைத்தபோது ஒயரில் எது எந்த முனை என்று காட்டும் மெல்லிய கோட்டைக் கவனிக்காமல் இடப்பக்கத்துச் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகியிருக்கிறேன். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. குரல் சிதறி, அடித்தொனியும் செத்துப்போயிருந்தது.

திருப்பிச் செருகியதும் குரல் நடுவுக்கு வந்தது. முழுசாக இல்லை, வலது பக்கம் ஒரு சாய்வு. டேப் பிடித்து அளந்தேன். வலது ஸ்பீக்கர் 9 சென்டிமீட்டர் கிட்டே. ஒரு மில்லி விநாடியில் ஒலி கடப்பது சுமார் 35 சென்டிமீட்டர் என்றால், இது கால் மில்லி விநாடி. அந்த இம்மியைக் காது கண்டுபிடித்து, முந்தி வரும் பக்கம் சாய்ந்துகொள்கிறது!

அப்புறம் பொறுமைதான். முதுகுக்கும் சுவருக்கும் 55 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடையே 2.1 மீட்டர், ஒவ்வொன்றிலிருந்தும் என் காதுக்கு அதே 2.1. உச்சத்தொனி தரும் சின்ன ட்வீட்டர் காது உயரத்துக்கு வர, ஜன்னல் கிரில் பட்டறையில் இரும்பு ஸ்டாண்டு அடித்து மணல் நிரப்பினேன். சோபாவுக்குப் பதில் ஹாலின் நடுவைச் சற்றே தாண்டி ஒரு ரோத்தான் (பிரம்பு) நாற்காலி. வலப்பக்கம் சமையற்கட்டுக்குத் திறந்த வழி, இடப்பக்கம் மொட்டைச் சுவர். அக்கா மகனை அந்தச் சுவரோடு கண்ணாடியை நகர்த்தச் சொல்லி, நாற்காலியிலிருந்து எனக்கு ஸ்பீக்கர் தெரிந்த இடத்தில் ஒரு கெட்டித் திரையைத் தொங்கவிட்டேன். கண்ணாடியில் தெரியும் இடத்தில்தான் ஓசையும் பட்டுத் தெறிக்கும். தரை டைல்ஸுக்கு ஒரு கம்பளம். நாலு மணி மழை போர்ச் தகரத்தில் இறங்கினால் மட்டும் எந்த வித்தையும் பலிக்காது; பாட்டை நிறுத்திவிட்டுத் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) போட வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா விளக்கேற்ற வந்தவர் நாற்காலியருகே நின்றுவிட்டார். "தம்பி, முருகன் படத்துக்குப் பின்னாடி இன்னொரு ஸ்பீக்கர் வெச்சிருக்கியா?"

திரையில் நடிகர் நகர நகரக் குரலும் கூடவே நகர வேண்டும் என்று நினைத்துத்தான் ஆங்கிலேய எஞ்சினியர் ஆலன் புளூம்லைன் 1931இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டார் என்பார்கள். எங்கள் வீட்டில் படம் நகராது, குரல் அதில் போய் உட்கார்ந்தால் போதும்.

தீபாவளிக்கு விருந்தாளிகள் வந்தபோது எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளினோம். தரையில் நான் ஒட்டியிருந்த அடையாள டேப்பெல்லாம் அம்மாவின் மாப்பில் உரிந்து போயிருந்தது. மறுநாள் காலை நான் அளவுகோலைத் தேடிக்கொண்டிருக்க, அப்பா ரோத்தான் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து பழைய பாட்டைப் போடச் சொன்னார்.

"இடது பக்கம் ரெண்டு விரக்கடை உள்ள தள்ளு. இன்னும் கொஞ்சம். ம்... வெச்சிரு."